மதுபான உரிமமும் உங்கள் நலனும்: மூத்தோருக்கான விளக்கம்

இரவு 10.30 மணி ஆனதும் பேரங்காடிகளில் பீர், ஒயின் அடுக்குகளை மூடிவிடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். "என் காசு, என் உடம்பு. எந்த நேரத்தில் வாங்கினால் யாருக்கு என்ன?" என்று சிலர் கேட்பதும் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதே. மதுபான உரிமம் எப்படிச் செயல்படுகிறது, அது எதற்காக இருக்கிறது, அதனால் செய்ய முடியாதது எது என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது.

உரிமம் என்றால் என்ன?

கள்ளுக்கடைகள் இருந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போதும் மதுவை யாரும் நினைத்த இடத்தில் விற்க முடியாது. இன்று சிங்கப்பூரில் மதுபான உரிமங்களைக் காவல்துறை வழங்குகிறது. எந்த இடத்தில், எந்த வகை மதுவை, எந்த நேரத்தில் விற்கலாம் என்பதை உரிமம் குறிப்பிடுகிறது. பீர் மட்டும் விற்க உரிமம் பெற்ற காப்பிக்கடையில் விஸ்கி விற்கக்கூடாது. வாங்கிச் செல்வதற்கு மட்டும் விற்கும் கடையில் உட்கார்ந்து அருந்த முடியாது. நிபந்தனைகளை மீறும் கடைக்காரருக்கு அபராதம் விதிக்கப்படலாம்; உரிமத்தையும் அவர் இழக்கலாம்.

நீங்கள் அறிந்திருக்க வேண்டிய விதிகள்

தற்போதைய மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2015 ஏப்ரல் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது.

• இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தக்கூடாது. வீவக புளோக்கின் கீழ்த்தளம், பூங்கா, கடற்கரை ஆகியவை பொது இடங்களே.

• அதே நேரத்தில் கடைகளும் பேரங்காடிகளும் வாங்கிச் செல்வதற்கு மது விற்கக்கூடாது.

• உங்கள் வீட்டில் அருந்தத் தடையில்லை. உரிமம் பெற்ற காப்பிக்கடையிலும் உணவகத்திலும் அவற்றின் உரிம நேரத்திற்குள் அருந்தலாம்.

• கீழ்த்தளத்தில் நடைபெறும் திருமண விருந்து போன்ற நிகழ்ச்சியில் இரவு 10.30 மணிக்குப் பிறகும் மது அருந்துவதாக இருந்தால், முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

• 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு மது விற்கக்கூடாது. ஆகவே, "தாத்தாவுக்கு ஒரு பீர் வாங்கி வா" என்று பேரப்பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

தடை செய்யப்பட்ட நேரத்தில் பொது இடத்தில் மது அருந்தினால் 1,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். மீண்டும் குற்றம் புரிந்தால் 2,000 வெள்ளி வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும்

இவ்விரண்டு வட்டாரங்களும் மதுபானக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். இங்கு சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தக்கூடாது. பொது விடுமுறைக்கு முந்திய நாள் இரவு 7 மணி முதல் விடுமுறைக்கு மறுநாள் காலை 7 மணி வரையிலும் இதே தடை உண்டு. வார இறுதியிலும், பொது விடுமுறையிலும், அதற்கு முந்திய நாளிலும் கடைகள் இரவு 7 மணியுடன் மது விற்பனையை நிறுத்திவிட வேண்டும். ஆகவே, தீபாவளிக்குத் தேக்காவுக்குப் பொருள் வாங்கச் செல்லும்போது இதை மனத்தில் கொள்ளுங்கள்.

2013 டிசம்பர் 8ஆம் தேதி ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்த விபத்தும் அதைத் தொடர்ந்த கலவரமும் நம் சமூகத்தினர் பலரின் மனத்தில் இன்னும் இருக்கும். கலவரம் தீவிரமடைந்ததற்கு மதுவும் ஒரு காரணம் என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. எனினும், இந்தச் சட்டம் ஒரு வட்டாரத்துக்கோ ஓர் இனத்துக்கோ மட்டும் உரியதன்று. இரவு நேர விதி தீவு முழுவதும் எல்லாருக்கும் பொருந்தும். குடியிருப்புப் பகுதிகளில் இரவு நேரக் கூச்சல், குப்பை, சண்டை பற்றிக் குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்கும் பணி அந்தக் கலவரத்திற்கு முன்பே தொடங்கிவிட்டது.

இது சுகாதார விவகாரமும்கூட

மது எளிதில் கிடைக்கும் இடத்தில் மக்கள் அதிகம் குடிக்கிறார்கள். விற்பனை நேரத்தைக் கட்டுப்படுத்துவது தீங்கைக் குறைக்கும் சிறந்த வழிகளில் ஒன்று என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஏற்கெனவே இரண்டு பாட்டில் அருந்திய ஒருவர் மூன்றாவது பாட்டில் வாங்கப் புறப்படும்போது கடை மூடியிருந்தால், அவர் வீடு திரும்பித் தூங்கிவிட வாய்ப்புண்டு.

உரிமம் உங்கள் உயிரையும் காக்கிறது. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் மலேசியாவின் கிளாங் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மதுவை அருந்திய பலர் உயிரிழந்தனர். உரிமம் இல்லாதவரிடம் மலிவாகக் கிடைக்கும் மதுவில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தோ நாவால் சுவைத்தோ அறிய முடியாது. மது அருந்தியவருக்குப் பார்வை மங்கினால், கடுமையான தலைவலியும் வாந்தியும் ஏற்பட்டால், காத்திருக்காமல் 995 எண்ணை அழையுங்கள்.

உரிமத்தால் செய்ய முடியாதது

கடை எப்போது மூட வேண்டும் என்பதை உரிமம் முடிவு செய்யும். நீங்கள் எவ்வளவு அருந்துகிறீர்கள் என்பதை அது முடிவு செய்வதில்லை. அது உங்கள் கையில் இருக்கிறது.

ஆண்கள் நாளொன்றுக்கு 2 நிலையான அளவுக்கும், பெண்கள் 1 நிலையான அளவுக்கும் மேல் அருந்தக்கூடாது என்பது பொதுவான அறிவுரை. ஒரு நிலையான அளவில் சுமார் 10 கிராம் மதுச்சாரம் இருக்கும். 30 மில்லிலிட்டர் விஸ்கி அல்லது பிராந்தி ஏறத்தாழ ஓர் அளவு. காப்பிக்கடையில் கிடைக்கும் பெரிய பீர் பாட்டில், 5 விழுக்காடு மதுச்சாரம் உடையது என்றால், ஏறத்தாழ இரண்டரை அளவு. அதாவது, அந்த ஒரே பாட்டிலில் ஓர் ஆணுக்குரிய நாள் வரம்பு தாண்டிவிடுகிறது.

வயது கூடும்போது உடலில் நீரின் அளவு குறைகிறது. அதனால், 40 வயதில் அருந்திய அதே அளவு 70 வயதில் இரத்தத்தில் அதிகச் செறிவுடன் தங்கும். தடுமாறி விழும் ஆபத்தும் கூடும். நீரிழிவுக்கு இன்சுலின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும். தூக்க மாத்திரை, இரத்தக் கட்டியைத் தடுக்கும் மருந்து, இரத்த அழுத்த மருந்து ஆகியவற்றுடனும் மது ஒத்துப்போகாது. நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளைப் பற்றி மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ தயங்காமல் கேளுங்கள். மது அருந்தும் பழக்கம் இல்லாதவர்கள் உடல்நலத்திற்காக அதைத் தொடங்க வேண்டியதில்லை.

உங்களையே கேட்டுப் பாருங்கள்

• கடை மூடும் நேரம் நெருங்கினால் பதற்றம் வருகிறதா?

• மூடுவதற்கு முன் வாங்கிச் சேர்த்து வைக்கிறீர்களா?

• காலையில் கை நடுங்குகிறதா? ஒரு வாய் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறதா?

இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் மருத்துவரைப் பாருங்கள். இது மானக்கேடன்று, சிகிச்சை உள்ள ஒரு நிலை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நாள்தோறும் அதிகமாக அருந்துபவர்கள் திடீரென்று முழுமையாக நிறுத்திவிடக்கூடாது. வலிப்பு, மனக்குழப்பம் போன்ற உயிருக்கே ஆபத்தான விளைவுகள் ஏற்படலாம். மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாக நிறுத்துவதே பாதுகாப்பானது. வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால், பாட்டிலைப் பிடுங்கி மறைத்து வைப்பதைவிட, அவருடன் சேர்ந்து மருந்தகத்திற்குச் செல்லுங்கள்.

உதவிக்கு

• உங்கள் குடும்ப மருத்துவர் அல்லது அருகிலுள்ள பலதுறை மருந்தகம்

• மனநலக் கழகத்தின் போதைப் பழக்கச் சிகிச்சைச் சேவை: 6732 6837

• மன உளைச்சலுக்கான தேசிய உதவி எண்: 1771

• உங்கள் புளோக்கின் கீழ் இரவில் குடித்துக் கூச்சலிடுகிறார்களா? நீங்களே சென்று வாக்குவாதம் செய்ய வேண்டாம். காவல்துறையின் 1800 255 0000 எண்ணில் தெரிவியுங்கள். சண்டை, மிரட்டல் என்றால் உடனே 999 எண்ணை அழையுங்கள்.

இந்தக் கையேட்டைப் படித்த பிறகு, கண் மங்கலான நண்பருக்கோ, எழுதப் படிக்கத் தெரியாத உறவினருக்கோ படித்துக் காட்டுங்கள்.