ஈயத்தகட்டில் எழுதிய சந்தேகம்

அன்னிலாவின் வயிற்றில் வளரும் குழந்தை தன்னுடையதுதானா என்று லிசானியாஸுக்குச் சந்தேகம். ஊருக்குள் யாரிடம் வாய்விட்டுக் கேட்க முடியும்? வடமேற்கு கிரேக்கத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கும் டொடோனாவுக்குப் போனான். அங்கே சீயஸின் புனித ஓக் மரம் இருந்தது. இலைகளின் சலசலப்பில் கடவுள் பேசுவதாக நம்பிக்கை. லிசானியாஸின் கேள்வி சின்ன ஈயத்தகடு ஒன்றில் கீறப்பட்டது. அந்தத் தகடு இன்றும் இருக்கிறது.

டொடோனா மண்ணுக்குள்ளிருந்து இப்படித் தகடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. 2013-ல் வெளியான தொகுப்பில் மட்டும் 4,000-க்கும் மேற்பட்ட வாசகங்கள். பெரும்பாலானவற்றில் கேள்வி மட்டுமே உண்டு, பதில் இல்லை. ஆகிஸ் என்பவனுக்குப் போர்வையும் தலையணையும் தொலைந்துவிட்டன. வெளியாள் யாராவது திருடியிருப்பார்களா என்று கேட்கிறான். இன்னொருவன் ஆடு வளர்க்கலாமா என்கிறான். கடவுளிடம் குறி கேட்கும் இன்னொரு குறிமேடையான டெல்ஃபி என்றாலே அரசர்களும் போர்களும்தான் நினைவுக்கு வரும். எனக்கு டொடோனாதான் நெருக்கம்.

அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ஜேய்ன்ஸ் 1976-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு துணிச்சலான கருத்தைச் சொன்னார். ஆதியில் மனிதருக்கு 'நான்' என்ற தன்னுணர்வு கிடையாது. மூளையின் வலப்பாதியில் எழுந்த குரலைக் கடவுளின் கட்டளையாகக் கேட்டு நடந்தார்கள் என்றார். இலியட் காவியத்தில் அகமெம்னான் மீது கோபம் தலைக்கேறி அக்கிலீஸ் வாளை உருவப் போகிறான். பின்னாலிருந்து பெண்தெய்வம் அதீனா அவன் முடியைப் பிடித்து இழுத்துத் தடுக்கிறாள். அவள் வேறு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஜேய்ன்ஸுக்கு இது கவிஞனின் கற்பனையல்ல, அந்தக் காலத்து மனம் இயங்கிய விதம். பிற்பாடு குரல்கள் அடங்கிப்போயின. அவற்றைத் தேடித்தான் மக்கள் குறிமேடைகளுக்குப் போனார்கள் என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தின் முதல் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு காவியம் உள்மனத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதற்காக, அதைக் கேட்டவர்களுக்கு உள்மனமே இல்லை என்று முடிவுகட்டுவது அதிகம். இரண்டாம் பாதியை அப்படித் தள்ளிவிட முடியாது. தகடுகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: 'இப்படிச் செய்தால் எனக்கு நல்லதா?' கடவுளிடம் கேட்பதற்கு முன்பே, செய்தால் என்ன ஆவோம், செய்யாவிட்டால் என்ன ஆவோம் என்று இரண்டு விதமாகவும் தன்னை நினைத்துப் பார்த்தவனால்தான் இப்படிக் கேட்க முடியும். கட்டளைக்குக் கீழ்ப்படிய இது தேவையில்லை, தயங்குவதற்குத் தேவை.

கிட்டோஸ் என்ற அடிமையின் தகட்டைப் பாருங்கள். அவனுக்கு விடுதலை தருவதாக டயோனிசியஸ் என்பவன் வாக்குக் கொடுத்திருந்தான். அது கிடைக்குமா என்று கிட்டோஸ் கேட்கிறான். சட்டப்படி அவன் இன்னொருவரின் உடைமை. ஆனால் விடுதலை பெற்ற கிட்டோஸை அவன் மனம் ஏற்கெனவே பார்த்துவிட்டது.

அடுத்த வாரம் லெபாடியா குறிமேடை. அங்கே கேள்வி கேட்பவரே நிலத்துக்கடியில் இறங்கியாக வேண்டியிருந்தது. கிரேக்கம் முழுக்கச் சுற்றி எழுதிய பௌசானியாஸ் இறங்கியிருக்கிறார். உள்ளே போவது எப்படி என்றும் எழுதிவைத்திருக்கிறார்.