ஃபோர்மனுக்கு அடிச்சது அதிர்ஷ்டமா?

1994 நவம்பர் 5, லாஸ் வேகஸ். ஹெவிவெயிட் சாம்பியன் மைக்கேல் மூரருக்கு வயசு 26, ஆடின 35 சண்டையிலயும் ஜெயிச்சவர். எதிர்ல நிக்கிற ஜார்ஜ் ஃபோர்மனுக்கு 45. மொட்டைத் தலை, லேசா தொப்பை. போட்டிருக்கிற சிவப்பு டிரவுசர், இருபது வருஷத்துக்கு முன்னாடி முகமது அலிகிட்ட தோத்த அன்னைக்குப் போட்டிருந்த அதே டிரவுசர். பத்தாவது ரவுண்டுல இடது கையால ஒரு தட்டு, பின்னாடியே தாடையில வலது கைக் குத்து. மூரர் மல்லாந்து விழுந்தார். நடுவர் பத்து எண்ணி முடிக்கிறதுக்குள்ள எழுந்திருக்க முடியல. ஃபோர்மன் மூலையில மண்டியிட்டு ஜெபம் பண்ணார். அதுவரைக்கும் மதிப்பெண் போட்ட மூணு பேர் அட்டையிலயும் மூரர்தான் முன்னாடி. அதனால இதைக் குருட்டு அதிர்ஷ்டம்னு சொல்றவங்க இன்னைக்கும் இருக்காங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. காரணத்தை, அந்த அலி சண்டை நடந்த கின்ஷாசாவுலதான் தேடணும்.

1974 அக்டோபர்ல அப்போதைய ஸயர் நாட்டுத் தலைநகரான கின்ஷாசாவுக்குப் போனப்ப ஃபோர்மன் 40 சண்டையில 40 வெற்றி, அதுல 37 நாக்-அவுட். 1968 மெக்சிகோ ஒலிம்பிக் தங்கம் கையில. முந்தின வருஷம் ஜமைக்காவுல ஜோ ஃப்ரேசியரை ரெண்டே ரவுண்டுக்குள்ள ஆறு தடவை கீழே தள்ளியிருந்தார். பார்க்கப் பயங்கரமான கணக்கு. ஆனா அதுக்குள்ளேயே ஓட்டையும் இருக்கு: அலிக்கு முந்தின எட்டுச் சண்டையும் ரெண்டு ரவுண்டைத் தாண்டல. மூச்சைப் பங்குபோட்டுச் செலவு பண்ணவேண்டிய அவசியமே அந்தச் சண்டைகள்ல அவருக்கு வரல. அலி கயித்துல சாய்ஞ்சு, கையால முகத்தை மூடிக்கிட்டு அடி வாங்கினார். இவரு அடிச்சு அடிச்சே ஓஞ்சுபோனார். எட்டாவது ரவுண்டுல அலி கயித்தை விட்டு வந்து குத்தினப்ப, ஃபோர்மன் விழுந்தது பாதி களைப்பாலதான்.

1977-ல ஜிம்மி யங்கிட்ட தோத்து, குத்துச்சண்டையையே விட்டு, ஹூஸ்டன்ல பிரசங்கியாரா பத்து வருஷம். 1987-ல திரும்பி வந்தப்ப ஊரே சிரிச்சுது. வந்த புதுசுல அவர் அடிச்ச ஆளுங்க பலபேர் சொத்தை ஆளுங்கதான், அதை மறைக்கவேண்டியதில்ல. ஆனா 1991-ல இவாண்டர் ஹோலிஃபீல்ட் சொத்தை இல்லையே! அந்தச் சாம்பியன்கூட 42 வயசுல 12 ரவுண்டும் நின்னார். ரவுண்டுக்கு நடுவுல ஸ்டூல்ல உட்காரக்கூட இல்ல. தோத்தது உண்மை. ஆனா 25 வயசுல எட்டு ரவுண்டு தாங்காத உடம்பு இப்ப பன்னிரண்டு தாங்குதுன்னா, அந்த ஆள் சண்டை போடுற விதத்தையே மாத்திட்டார்னு அர்த்தம்.

இப்ப மூரர் சண்டைக்கு வாங்க. ஒன்பது ரவுண்டு ஃபோர்மன் அவசரமே படல. அடி வாங்கிக்கிட்டே, இடது கையை முன்னால நீட்டி நீட்டி, மெதுவா நடந்தார். மூரர் இடது கைக்காரர். அந்த மாதிரி ஆளுக்கு நேரா வர்ற வலது கை எப்பவுமே ஆபத்து. அவரோட பயிற்சியாளர் டெடி அட்லஸ் நகர்ந்துகிட்டே இருன்னு எச்சரிச்சும், ஜெயிக்கிற தெம்புல மூரர் எதிர்லயே நின்னுட்டார். ஃபோர்மன் மூலையில இருந்தவர் ஏஞ்சலோ டண்டி, 1974-ல அலியோட மூலையில இருந்த அதே மனுஷன்! அட்டையில பின்தங்கினதை வச்சு அதிர்ஷ்டம்னு சொன்னா, கின்ஷாசாவுல அலி அடி வாங்கிக்கிட்டே காத்திருந்ததையும் அதிர்ஷ்டம்னுதானே சொல்லணும்? அதை யாரும் சொல்றதில்ல, தந்திரம்னு கொண்டாடுறோம்.

1995-ல ஆக்ஸல் ஷுல்ஸ்கூட நடந்த சண்டையில ஃபோர்மன் ஜெயிச்சதா சொன்ன தீர்ப்பு எனக்கும் சரியாப் படல. அங்க அதிர்ஷ்டம்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். ஃபோர்மன் 2025 மார்ச்ல தன் 76-வது வயசுல காலமானார். ரெண்டு சண்டையோட வீடியோவும் இணையத்துல இருக்கு. கின்ஷாசாவோட அஞ்சாவது ரவுண்டையும் வேகஸோட ஒன்பதாவது ரவுண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்துட்டு, உங்க தீர்ப்பைக் கீழே எழுதுங்க.