சின்ன பாய்மரப் படகுக்குத் தெர்மாகோல் போதுமா?

மழைக்காலத்தில் மும்பையின் பாய்மரப் படகுகள் கரையேறிவிடும். நண்பர்களோடு பங்கு போட்டு ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கியிருந்தால், ரிப்பேர் பார்க்க இதுதான் நேரம். முதலில் இருக்கைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மரப் படகு கவிழ்ந்தாலும் மிதக்கும். ஃபைபர் தண்ணீரைவிடக் கனம். உள்ளே நீர் நிறைந்தால் நேராக அடிக்குத்தான். கவிழ்ந்தால் படகைப் பிடித்துக்கொள், விட்டுவிட்டு நீந்தாதே என்பார்கள். பிடித்துக்கொள்ள அது மேலே இருக்க வேண்டுமே!

எவ்வளவு ஃபோம் வேண்டும்? ஃபைபரின் அடர்த்தி தண்ணீரைப் போல சுமார் 1.5 மடங்கு. அதனால் 90 கிலோ படகு நீருக்குள் 30 கிலோவாகத்தான் கீழே இழுக்கும். கம்பி, நங்கூரம் எல்லாம் சேர்த்து இன்னொரு 15 கிலோ. ஒரு லிட்டர் ஃபோம் கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தாங்கும். ஆக, 45-50 லிட்டர் இருந்தால் மூழ்காது. ஆனால் விளிம்பு மட்டும்தான் வெளியே தெரியும். இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்து தண்ணீர் இறைக்க வேண்டுமென்றால், நானாக இருந்தால் 150 லிட்டருக்குக் குறைக்க மாட்டேன். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் கொள்ளளவைவிடக் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்.

விலையில் தெர்மாகோலை அடிக்க ஆளில்லை. சிக்கல் அதை மூடுவதில் வருகிறது. படகுப் பட்டறைகளில் வழக்கமாகப் பூசும் பாலியெஸ்டர் ரெசின் பட்டாலே தெர்மாகோல் கரைந்துவிடும். பெட்ரோல் சிந்தினாலும் அதே கதி. எபாக்ஸி ரெசின் ஒன்றும் செய்யாது, ஆனால் விலை அதிகம். ஃபோமில் மிச்சம் பிடித்த காசு ரெசினில் போய்விடும்! மொட்டைமாடிக்கு வெப்பத்தடுப்பாகப் போடும் எக்ஸ்பிஎஸ் பலகை தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும். ஆனால் ரெசின் விஷயத்தில் அதுவும் தெர்மாகோலின் பங்காளிதான்.

இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் பியு ஃபோம் மூலை முடுக்கெல்லாம் பொங்கி நிரம்பும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மும்பை மழைக்கால ஈரத்தில் கலவை சரியாக இறுகாமல் போகலாம். ஒரே மூச்சில் நிறைய ஊற்றினால் உள்ளே சூடேறிக் கருகும். அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. பின்னாளில் ஈரம் ஊறினால், வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

பட்ஜெட்டுக்கு என் ஓட்டு இபிஇ ஃபோமுக்கு. எலெக்ட்ரானிக் சாமான் பெட்டிகளில் வளையும் தன்மையோடு வெள்ளையாக இருக்குமே, அதுதான். பெட்ரோலோ பாலியெஸ்டர் ரெசினோ அதைக் கரைக்காது. தாராவி 13-வது காம்பவுண்டு பக்கம் பழைய பேக்கிங் சாமான் கிடைக்குமா என்று தமிழிலேயே விசாரிக்கலாம். வாங்குமுன் ஒரு துண்டை எடைபோட்டு, கல்லைக் கட்டி ஒரு வாரம் வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். மேலே துடைத்தபிறகும் எடை கூடியிருந்தால் வேண்டாம்.

எங்கே வைப்பது? அடியில் வைத்தால், நீர் நிரம்பிய படகு குப்புறக் கவிழப் பார்க்கும். இரண்டு பக்கமும் மேல் விளிம்பை ஒட்டி வையுங்கள். வார்ப்பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். 2017-ல் வைகை அணையில் மிதக்கவிட்ட தெர்மாகோலைக் காற்று அள்ளிக்கொண்டு போனது நினைவிருக்கும். படகில் தூக்குவது காற்றல்ல, தண்ணீர்: 75 லிட்டர் துண்டு ஒன்று கிட்டத்தட்ட 75 கிலோ விசையோடு மேலே முட்டும். ஆணி தளர்ந்த பலகை பிய்த்துக்கொண்டு போய்விடும்.

மழை ஓய்ந்ததும், கடலுக்குப் போகுமுன், அலையில்லாத இடத்தில் மார்பளவு நீரில் லைஃப் ஜாக்கெட்டோடு படகை வேண்டுமென்றே நிரப்பி, இரண்டு பேர் ஏறி உட்காருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால், தாழும் பக்கத்துக்கு இன்னும் ஃபோம் வேண்டும்.