எந்த ஸ்கூல்?

பரப்பிய மணலில் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்த திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் யாரும் அரசிடம் அனுமதி கேட்கவில்லை. வசதியுள்ள வீடுகளுக்கு வாத்தியார் தேடி வந்தார். தாகூர்கூடப் பெரும்பாலும் வீட்டிலேயே படித்தவர்தான். ஆனாலும் அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்தத் திண்ணையில் ஏறவிடாமல் நிறுத்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் எத்தனை பேர், அடுப்படியோடு நின்றுபோன பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! பின்னாளில் சிவகாசியில் தீப்பெட்டி ஒட்டிய பிஞ்சு விரல்களையும் பார்த்தோம். அதனால்தான் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தை இன்றும் மனதார வரவேற்கிறேன்.

சிக்கல் அதன் 10-ஆம் பிரிவில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அது. சேர்க்காத பெற்றோருக்கு என்ன தண்டனை என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது. வீட்டிலேயே கற்பிக்கலாமா என்பதற்கும் பதில் கிடையாது. டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு இந்தக் கேள்வி போனபோது, மத்திய அரசு முதலில் ஒருவிதமாகவும் பிறகு வேறுவிதமாகவும் சொன்னது.

இன்னொரு பக்கம், அதே அரசின் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ்-இல் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிரம்பினால் போதும். பள்ளிச் சான்றிதழ் இல்லாவிட்டால், இந்தப் படிப்புக்கு வேண்டிய அளவு படித்திருக்கிறேன் என்று பிள்ளையே எழுதிக்கொடுக்கலாம். அதுவரை எங்கே படித்தாய் என்று அதட்டும் சட்டம் ஒரு கையில், எங்கே படித்திருந்தாலும் வா என்று அழைக்கும் விண்ணப்பம் மறு கையில். நடுவில் நிற்கும் எட்டு வருடங்களை யார் கணக்கில் எழுதுவது?

வீட்டிலேயே கற்பிக்கலாம், ஆனால் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளையை நேரில் பார்ப்போம் என்று சட்டம் தெளிவாகச் சொல்லிவிடலாம். அக்கறையோடு கற்பிக்கும் வீட்டுக்குப் பயம் போகும். படிப்பு என்ற பெயரில் பிள்ளையை வேலைக்கு அனுப்பும் வீடும் வெளியே தெரிந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒன்பது வயதுப் பெண் பின்னங்களைத் தோசை மாவு அளந்தே கற்றுக்கொண்டாள். முனைக் கடைக்குப் போய்வர அவளுக்கு ரொம்பப் பிரியம். பகலில் போனால் "எந்த ஸ்கூல் பாப்பா? இன்னிக்கு லீவா?" என்று கேட்கிறார்கள். அதனால் கொத்தமல்லி வாங்கவும் நாலு மணிக்கு மேல்தான் அம்மா அனுப்புகிறாள். தெருவில் யூனிஃபார்ம் பிள்ளைகள் திரும்பத் தொடங்கியதும் இவள் பையை எடுக்கிறாள்.