ஆட்டுச் சொறியும் கன்றின் படர்தாமரையும்

பனிக்காலத்தில் ஆடுகளும் கன்றுகளும் இரவில் கொட்டகையில் நெருக்கமாக அடைபடுவதால் தோல் நோய்கள் எளிதில் பரவுகின்றன. முடி கொட்டிப் பொருக்குத் தட்டினால் எல்லாவற்றையும் 'சொறி' என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் ஆட்டுச் சொறியும் கன்றின் படர்தாமரையும் வெவ்வேறு நோய்கள். ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது.

சொறிக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி. அது தோலைக் குடைந்து உள்ளே முட்டையிடுகிறது. முதலில் மூக்கு, கண், காது ஓரங்களிலும், பிறகு தொடையிடுக்கிலும் மடியிலும் தோல் தடித்துச் சுருங்கும். அரிப்புத் தாங்காமல் ஆடு மேய்ச்சலை விட்டுக் கம்பத்தில் உராய்ந்து நிற்கும், நாளடைவில் மெலிந்துவிடும். படர்தாமரையோ பூஞ்சாணத்தால் வருவது. கன்றின் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் வட்ட வட்டமாகச் சாம்பல் நிறப் பொருக்கு காணும், அரிப்பு குறைவு.

சொறிக்குக் கால்நடை மருத்துவர் ஐவர்மெக்டின் ஊசியைத் தோலுக்கு அடியில் போடுவார். 1 சதவீத மருந்தானால் வழக்கமான அளவு 50 கிலோ எடைக்கு 1 மி.லி.; 25 கிலோ ஆட்டுக்கு அரை மி.லி. அரிப்பு தணிந்ததும் பலர் மருந்தகத்துப் பக்கம் திரும்புவதில்லை. செலவு வீணாவது இங்கேதான். இம்மருந்து முட்டைகளைக் கொல்லாது. அவை பொரித்து, குஞ்சுகள் வளர்ந்து மீண்டும் முட்டையிடுமுன், 14 நாள் கழித்து இரண்டாவது ஊசி அவசியம். நோய் கண்ட ஆட்டுக்கு மட்டுமல்ல, உடன் அடைபட்ட எல்லா ஆடுகளுக்கும் போட வேண்டும். வீட்டுக்குப் பால் கறப்பதானால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மோட்டார்க் கழிவு எண்ணெய் பூசும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அது தோலைப் புண்ணாக்கும். ஆடு நக்கினால் நஞ்சு.

படர்தாமரைக்கு, பொருக்கைச் சோப்பு நீரில் ஊறவைத்து அகற்றி, கண்ணில் படாமல் போவிடோன் அயோடின் தடவி வர வேண்டும். அகற்றிய பொருக்கை எரித்துவிடுங்கள். கன்றைப் பகலில் வெயில்படக் கட்டுங்கள். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே ஆறிவிடும். ஆனால் பூஞ்சாண வித்துகள் கம்பத்திலும் தொட்டியிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அவற்றைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளிக்க வேண்டும்.

இது கன்றோடு விளையாடும் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அரிப்பு அடங்கியதுபோல் இருக்கும், படை பரவிக்கொண்டே போகும். மருத்துவரிடம் காட்டும்போது வீட்டில் கன்றுக்கு இந்நோய் இருப்பதையும் சொல்லுங்கள்.