கைதி பழக்கிய நாய், போலீஸ்காரருக்குத் துணை

கையில் விலங்கு மாட்டி உள்ளே அனுப்பியது போலீஸ். உள்ளே போனவர் வளர்த்துப் பழக்கிய நாய், பின்னாளில் அதே போலீஸ் இலாகாவுக்குத் துணையாக வருகிறது. கதையல்ல, அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் நடக்கும் உண்மை.

மும்பைவாசிகளுக்குப் போலீஸ் நாய் புதிதல்ல. 1993 குண்டுவெடிப்பு நாட்களில் வெடிமருந்தை மோப்பம் பிடித்துக் காட்டிக் கொடுத்த ‘ஜஞ்சீர்’ என்ற லாப்ரடார் பலருக்கும் நினைவிருக்கும். 2000-ல் அது இறந்தபோது போலீசார் மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். ஆனால் இந்த அமெரிக்க நாய்கள் குண்டைத் தேடுவதில்லை. திருடனைத் துரத்துவதும் இல்லை. மனம் நொந்துபோன மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் இவற்றின் டூட்டி!

சிறைக்குள் ஐந்து குட்டிகள்

நியூயார்க் நகருக்கு வடக்கே பெட்ஃபோர்டு ஹில்ஸில் பெண்கள் சிறை ஒன்று இருக்கிறது. மிகக் கடுமையான காவல் உள்ள சிறை. கொலைக் குற்றத்துக்காக நீண்ட தண்டனை பெற்றவர்களும் இங்கே உண்டு. 1997 நவம்பரில் இந்தச் சிறைக்குள் ஐந்து நாய்க்குட்டிகள் வந்து இறங்கின.

கொண்டுவந்தவர் குளோரியா கில்பர்ட் ஸ்டோகா என்ற பெண்மணி. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் பயிற்சிப் பள்ளியிலிருந்து உடல்நலக் காரணத்தால் கழித்துவிடப்பட்ட ஒரு லாப்ரடாரை அவர் குடும்பம் எடுத்து வளர்த்தது. அதன் மூலம் இந்தப் பயிற்சி உலகம் அவருக்கு அறிமுகமாயிற்று. புளோரிடாவில் ஒரு கால்நடை டாக்டர் சிறைக் கைதிகளைக் கொண்டே வழிகாட்டி நாய்களை வளர்ப்பதும் தெரியவந்தது. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ‘பப்பீஸ் பிஹைண்ட் பார்ஸ்’, அதாவது ‘கம்பிகளுக்குப் பின்னே நாய்க்குட்டிகள்’ என்ற அமைப்பைத் தொடங்கிவிட்டார்.

ஆரம்பத்தில் பார்வையற்றோருக்காக மட்டும் நாய்கள் வளர்ந்தன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் வெடிமருந்து மோப்ப நாய்களும் சேர்ந்தன. 2006 முதல் இராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிய ராணுவ வீரர்களுக்கு இலவசமாக நாய்கள் தரப்பட்டன. போலீசாரின் முறை அதன் பிறகு வந்தது.

எட்டு வாரக் குட்டியாகச் சிறைக்கு வரும் நாய், வளர்ப்பவருடைய அறையிலேயே தங்குகிறது. நடுராத்திரியில் அது முனகினால் எழுந்து கவனிக்க வேண்டியவர் அந்தக் கைதிதான். வாரந்தோறும் வகுப்பு உண்டு. வீட்டுப் பாடம், பரீட்சை எல்லாம் உண்டு. நாய்க்கு அல்ல, வளர்ப்பவருக்கு! அடி, அதட்டல் கூடாது. சொன்னதைச் செய்தால் தின்பண்டமும் தடவிக் கொடுப்பதும். ஒரு குட்டியின் பின்னால் நாள் முழுவதும் பொறுமையாகச் சுற்ற வெளியில் இருப்பவர்களுக்கு நேரம் ஏது? சிறையில் இருப்பவரிடம் நேரத்துக்குப் பஞ்சமில்லை.

ஒரு குறை. சிறைக்குள் கடைத்தெரு இல்லை, வாகன இரைச்சல் இல்லை, ஓடி விளையாடும் குழந்தைகள் இல்லை. இதற்காகவே வார இறுதியில் தொண்டர்கள் குட்டிகளை வெளியே அழைத்துப்போய் ஊர் காட்டிக் கொண்டுவந்து விடுகிறார்கள். கைதிக்கு இல்லாத ஜாமீன் நாய்க்கு உண்டு.

முதுகுக்குக் காவல்

‘நாய்ப் பிழைப்பு’ என்று ஆபீஸில் அலுத்துக்கொள்பவர்கள் இந்த நாய்களின் பாடத்தைக் கேட்க வேண்டும். விளக்கு சுவிட்சைப் போட வேண்டும். கீழே விழுந்த சாமானை எடுத்துத் தர வேண்டும். கெட்ட கனவில் எஜமானர் அலறினால் எழுப்ப வேண்டும்.

இன்னொன்று விசேஷமானது. போரில் அடிபட்ட மனம், வரிசையில் பின்னால் அந்நியர் நின்றாலே பதறும். கடைக்குக்கூடப் போகாமல் வீட்டிலேயே அடைந்து கிடப்பவர்கள் இருக்கிறார்கள். “முதுகைப் பார்த்துக்கொள்” என்ற பொருள்படும் கட்டளை கொடுத்தால், நாய் அவருக்குப் பின்புறம் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். பின்னால் பார்க்க ஒரு ஜோடிக் கண் கிடைத்துவிட்டது. அவர் நிதானமாகக் காசை எண்ணிக் கொடுக்கலாம்.

இப்படி ஒருவருக்கென்றே பழக்கப்பட்டது ‘சர்வீஸ் நாய்’. அமெரிக்காவின் 1990-ம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டப்படி அது கடைக்கும் ஓட்டலுக்கும் கூடவே போகலாம். பலருக்கும் ஆறுதல் தரும் ‘தெரபி நாய்’ வேறு ரகம். அதற்கு இந்தச் சட்ட உரிமை கிடையாது. போலீஸ் நிலையங்களில் வளையவருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்.

போலீசுக்கு இது எதற்கு? 2019-ம் ஆண்டில் மட்டும் நியூயார்க் நகரப் போலீசில் பணியில் இருந்த பத்துப் பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். பிணத்தையும் விபத்தையும் தினம் பார்க்கும் வேலை. “எனக்கு மனசு சரியில்லை” என்று வாய்விட்டுச் சொன்னால் துப்பாக்கியைப் பிடுங்கிவிடுவார்களோ, சகாக்கள் கேலி செய்வார்களோ என்ற பயம். டாக்டரின் கதவைத் தட்டக் கூசுகிறவர், நாயைக் கண்டால் குனிந்து தடவுகிறார். நாயைக் கூட்டி வந்த ஆலோசகரிடம் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. நியூயார்க் போலீசில் ஊழியர்களின் மனக்குறைகளைக் கவனிக்கும் பிரிவுக்கும் சிறையில் வளர்ந்த லாப்ரடார்கள் வந்து சேர்ந்தன.

நாய் எல்லாவற்றையும் குணப்படுத்திவிடும் என்று நம்பிவிட வேண்டாம். அமெரிக்க அரசின் முன்னாள் ராணுவத்தினர் துறை 181 பேரை வைத்து ஆய்வு செய்தது. ஒரு சாராருக்குச் சர்வீஸ் நாய், மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் துணையிருக்கும் நாய். அன்றாட வாழ்க்கையின் சிரமங்கள் குறைவதில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சர்வீஸ் நாய் பெற்றவர்களிடம் தற்கொலை எண்ணம் குறைவாக இருந்தது. இது ஒன்றே போதாதா? 2021 ஆகஸ்டில், முன்னாள் வீரர்கள் தாங்களே நாய்களைப் பழக்கும் ஐந்தாண்டுச் சோதனைத் திட்டத்துக்கு அங்கே சட்டம் வந்தது.

கயிறு கைமாறும் நாள்

ஏறக்குறைய இரண்டு வருஷம் வளர்த்த பிறகு நாயை விட்டுக்கொடுக்க வேண்டும். நாயைப் பெறப்போகும் ராணுவ வீரரோ போலீஸ்காரரோ சிறைக்கே வந்து, அதை வளர்த்தவரிடம் பாடம் கேட்பதும் உண்டு. எந்தச் சொல்லுக்கு அது என்ன செய்யும், எதற்கு மிரளும், எங்கே சொறிந்தால் அதற்குப் பிடிக்கும் என்று கைதி சொல்லச் சொல்ல, போலீஸ்காரர் கவனமாகக் கேட்டுக்கொள்கிறார். வெளியே இந்த இருவரும் சந்தித்திருந்தால் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும்.

பயிற்சி முடிந்ததும் நாய் புது எஜமானருடன் கேட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. வளர்த்தவர் அழுதுவிட்டுத் தன் அறைக்குத் திரும்புகிறார். பலர் அடுத்த எட்டு வாரக் குட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.