கடல் கடந்த துள்ளிசை

பாட்டு ஒரு நாட்டினின்று பிறிதொரு நாட்டிற்குப் போதல் புதிய செய்தியன்று. பாணரும் பொருநரும் யாழைச் சுமந்து காடும் மலையும் கடந்து சென்றதைப் பத்துப்பாட்டுக் கற்ற மாணவர் அனைவரும் அறிவர். அக்காலத்திற் பாடுவோன் நடந்தாலன்றிப் பாட்டு நடவாது. இக்காலத்திலோ பாடுவோன் வீட்டிலிருக்க, பாட்டு மட்டும் தனியே உலகைச் சுற்றி வருகின்றது. அங்ஙனம் சுற்றிய பாட்டுக்களுள் நம் ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையும் ஒன்று. துள்ளிசை என்றும் அதனை வழங்குவர். "இலக்கணம் கற்பிக்கும் பண்டிதருக்குச் சின்ன மாமியோடு என்ன அலுவல்?" என்று நண்பரொருவர் என்னைக் கேட்டு நகைத்தார். அலுவல் உண்டு.

இவ்விசையின் தாய் பைலா. ஆடுதல் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லினின்று பிறந்த பெயர் அது. பதினாறாம் நூற்றாண்டில் வந்த போர்த்துக்கேயரும், அவர்களோடு கொணரப்பட்ட ஆபிரிக்கரும் விட்டுச் சென்ற கபிறிஞ்ஞா ஆட்டப்பாட்டின் வழிவந்தது. மட்டக்களப்புப் பறங்கியரிடையே அதன் பழைய வடிவம் நெடுங்காலம் நிலைத்திருந்தது. 1940களில் வொலி பஸ்ரியன் என்னும் பொலீஸ்காரர் சிங்களத்தில் அதனை யாவரும் பாடும் பாட்டாக்கினார். நம் தாளமுறையிற் சொல்லின் அது திச்ர நடை. காலைச் சும்மா இருக்கவிடாத நடை.

அந்த நடையில் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை ஏற்றியவர்களுள் முன்னிற்பவர் நித்தி கனகரத்தினம். அவர் பாடிய 'சின்ன மாமியே' என்னும் பாட்டை அறியாத ஈழத்தவர் அரியர். மெட்டிற் பெரும் புதுமையில்லை. புதுமை மொழியில் இருந்தது. அதுவரை நம்மவர் மெல்லிசை பாடத் தொடங்கினால், சென்னைத் திரைப்படப் பாட்டின் சொற்களே நாவில் வந்து விழும். நம் வீட்டில் ஒருவரும் பேசாத தமிழில் நாம் காதல் செய்துகொண்டிருந்தோம். நித்தியாரோ மாமி என்ற உறவுமுறையின் உள்ளே ஒளிந்திருக்கும் உரிமையையும் குறும்பையும் எடுத்துப் பாட்டாக்கினார். மாமி மகளைக் கேட்கும் முறையுடையவன் அவளைப்பற்றி மாமியிடமே விசாரிக்கும்போது எழும் நகைச்சுவையைப் பிறநாட்டவனுக்கு விளக்க ஒரு பக்கம் வேண்டும். நம்மவனுக்கு ஒரு சொல் போதும். திசைச்சொல்லையும் செய்யுட்குரிய சொல்லாகத் தொல்காப்பியர் ஏற்றார். ஏற்றதை நாம் வகுப்பிற் படிப்பித்தோம். பாட்டிற் செய்து காட்டியவர்கள் இவர்களே.

இப்பாட்டுக்களைக் கடல் கடத்தியது வானொலி. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கவே, தமிழ்நாட்டுக் கேட்போர் கொழும்பை நாடித் தம் பெட்டிகளைத் திருப்பினர். மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் இராமேசுவரம் முதல் சென்னை வரை வீட்டுக்குரல்களாயின. அமைத்துக்கொடுத்த அந்தப் பாலத்தின்மேல் ஏ. ஈ. மனோகரன் ஆடிக்கொண்டே நடந்து போனார். அவர் பாடிப் பரப்பிய 'சுராங்கனி'யிற் சிங்களமும் தமிழும் விரவி நிற்கும். பொருளோ மீன் வாங்கி வந்த சிறு செய்தி. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் படத்தில் இளையராஜா அதனை எடுத்தாண்டார். தமிழ்நாட்டில் அவர் பெயரே 'சிலோன் மனோகர்' ஆயிற்று. 2018 சனவரியில் அவர் சென்னையிற் காலமானபோது இரு கரையிலும் அழுதனர். தூய தமிழ் விரும்பும் அன்பர் சிலர்க்கு அப்பாட்டுக் கசக்கும். வடமொழி கலந்த நடையை மணிப்பிரவாளம் என்று மணியும் பவளமுமாகப் போற்றியவர்கள், சிங்களச் சொல்லிரண்டு கண்டு மருளுதல் வேடிக்கையே.

இனிச் சற்றுத் தொலைவு செல்வோம். வடதுருவத்தை அடுத்த சுவீடன் இன்றும் ஒரு கோடி மக்களை மட்டுமே உடைய நாடு; இலங்கையிற் பாதியும் இல்லை. 1974 ஏப்பிறிலில் இங்கிலாந்தின் பிறைற்றன் நகரில் நடந்த ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் அந்நாட்டு 'அபா' குழுவினர் 'வோட்டர்லூ' பாடி முதற்பரிசு பெற்றனர். தம் நாட்டுத் தெரிவுப் போட்டியில் அதே பாட்டைச் சுவீடிய மொழியிற் பாடியவர்கள், கடல் கடந்ததும் ஆங்கிலத்திற் பாடினர். அன்றுமுதல் அந்நாட்டுப் பாட்டு உலகச் சந்தையில் இடையறாது விலைபோகின்றது. 1998இல் அமெரிக்கப் பெண் பிறிற்னி ஸ்பியேர்ஸ் பாடி உலகெங்கும் ஒலித்த முதற்பாட்டை எழுதியவரும் மக்ஸ் மார்ட்டின் என்னும் சுவீடியரே. பெருநிறுவனங்களைச் சாராத இளைஞர் குழுக்களும் அவ்வாறே போயின. 2006இல் மூவர் குழுவொன்று சீழ்க்கையொலியை முன்வைத்துச் செய்த பாட்டுப் பலநாட்டாரையும் சீழ்க்கையடிக்க வைத்தது.

இதனை மேதைமை என்று சொல்லி நிறுத்திவிடுதல் சோம்பல். சுவீடனில் ஊராட்சி மன்றங்கள் நடத்தும் இசைப்பள்ளிகள் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி முதலே பரவலாயின. சிறு கட்டணத்தில், ஏழைப் பிள்ளையும் கருவியொன்று பயிலலாம். மக்ஸ் மார்ட்டின் அங்கே கொம்புவாத்தியம் பழகியவர். தம் வாழ்வனைத்தும் அப்பள்ளி தந்தது என்றே கூறுபவர். அதற்குமேல், நாலு இளைஞர் கூடிக் கிற்றார் அடிக்க விரும்பின், 'படிப்பு வட்டம்' என்று பதிந்து பொதுப்பணத்திற் பயிற்சியிடம் பெறலாம். அயல்வீட்டார் கல்லெறியாத இடம் என்பது பாடுவோர்க்கு எத்துணைப் பெரிய கொடை என்பதைப் பாடிப் பார்த்தவரே அறிவர்.

ஈண்டு நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு நெஞ்சைச் சுடுகின்றது. சுவீடனிலிருந்து பாட்டுப் போயிற்று. பாடினவர் ஸ்ரொக்கோமில் தம் வீட்டில் இருந்தனர். நம்மிடத்தில் 1983இன் பின் கேட்போரும் பாடுவோரும் ஒருங்கே பெயர்ந்தனர். பாட்டு அவர்கள் பெட்டியிற் போயிற்று. நித்தியார் அவுஸ்திரேலியாவில் வாழலானார். யாழ்ப்பாணத்திற் சிறுமியாய் வளர்ந்து இலண்டனுக்கு மீண்ட மாதங்கி அருள்பிரகாசம், 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில், தந்தை பெயரால் 2005இலும் தாய் பெயரால் 2007இலும் இசைத்தொகுப்புக்கள் வெளியிட்டார். பின்னதில் நம் உறுமி மேளம் அதிர்கின்றது. அதிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' 2008இல் அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறிற்று. மொழி ஆங்கிலம், தோல் நம்முடையது. 2021இல் அறிவும் தீயும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி'யின் பின்னேயும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பிய ஒரு பாட்டியின் வாழ்வு இருக்கின்றது. எங்கள் பாட்டு எங்கெல்லாம் கேட்கின்றதோ, அங்கெல்லாம் ஒரு புறப்பாடு கேட்கின்றது.

வன்னியில் எஞ்சியிருந்தோர் எதைக் கேட்டனர்? 1990களில் மின்சாரமும் இல்லை, மின்கலமும் தடை. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் கையாற் பெடலைச் சுழற்ற, டைனமோவின் சிறு மின்சாரத்தில் வானொலி கேட்டோம். சுழற்றும் கை தளர்ந்தாற் பாடகரின் குரலும் தளரும். திச்ர நடை சதுச்ரமாகி, பின்னர் ஒப்பாரியாகும். அந்நாளிற் பாட்டுக்கேட்டல் என்பது உடலுழைப்பு.

இன்று கைப்பேசியில் உலகமே பாடுகின்றது. வன்னியின் சொந்தப் பாட்டோ அதில் மிக அரிது. அருவிவெட்டுப் பாடலும் சூடுமிதிக்கும்போது பாடும் பொலிப்பாட்டும் தொழிலோடு பிறந்தவை. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியதும் பாடவேண்டிய வேளையே இல்லாமற் போயிற்று. பாடசாலையிற் கர்நாடக சங்கீதம் உண்டு. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்குப் பிள்ளைகள் ஊக்கத்தோடு தோற்றுகின்றனர். அது வேண்டியதே. ஆயினும் நித்தியார் மாமியைக் கண்டெடுத்ததுபோல, வரம்பில் நின்று கண்டெடுக்க வன்னிப் பிள்ளைக்கு எவரும் ஒரு பாடவேளை ஒதுக்கவில்லை. சுவீடியர் ஆங்கிலத்திற் பாடி உலகை வென்றனர் என்று காட்டி, மொழியை விடுக என்பாருளர். அவர்க்குச் சுராங்கனி போதிய விடை. பொருள் புரியாமலே அதனைப் பாடினோர் எத்தனையோ பேர்.

சென்ற ஆண்டு முதல் வெள்ளிக்கிழமைகளிற் பாடசாலை விட்டபின், என் மாணவர் சிலர் முதியோரிடம் சென்று பாட்டுக்களை ஒலிப்பதிவு செய்து வருகின்றனர். இதுவரை பதினேழு சேர்ந்துள்ளன, நான்கு அரைகுறை. அவர்களுள் ஒருவன் இரவல் கிற்றார் ஒன்றில் அருவிவெட்டுப் பாடலொன்றைத் துள்ளிசை நடைக்கு மாற்றி, அதனைப் பாடித்தந்த எண்பது வயதுக் கமக்காரருக்கே வாசித்துக் காட்டினான். முழுவதையும் தலையசைத்துக் கேட்ட பெரியவர், "நல்லாத்தான் கிடக்குது தம்பி. ஆனால் இந்த வேகத்திலை அரிவாள் பிடிச்சால் விரல் மிஞ்சாது" என்றார்.